மழைமானிக் கணக்கும் அதற்குரிய காவலும்

மழையை அளந்து கணக்கில் எழுதிவைப்பது புதிய வழக்கமன்று. அரசாங்கக் களஞ்சியத்தில் ஒரு முழ அகலமுள்ள வாயுடைய குண்டம் ஒன்றை மழையளக்கும் பொருட்டு வைக்கவேண்டுமென்று கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் விதிக்கின்றது. இன்ன நாட்டில் இத்தனைத் துரோணம் மழை பெய்யும் என்ற கணக்கும் அந்நூலில் உண்டு. கொரியா தேசத்தில் சேஜோங் மன்னர் காலத்தில், 1442 ஆம் ஆண்டில், ஒரே அளவுள்ள மழைமானிகள் நாடெங்கும் அனுப்பப்பட்டன. அந்தந்த ஊரதிகாரி மழையளவைத் தலைநகருக்கு எழுதியனுப்ப வேண்டுமென்பது கட்டளை. இவ்விரண்டிடத்தும் மழைமானி வைக்கப்பட்டது வானசாஸ்திர ஆராய்ச்சிக்காக அன்று, விளைவை மதிப்பிடுவதற்காகவேயாம்.

இக்காலத்தில் மழைமானி காட்டும் எண்ணுக்கு முன்னில்லாத ஒரு வேலை ஏற்பட்டிருக்கின்றது. சில திட்டங்களில் அவ்வெண் நேரே பணமாக மாறுகின்றது. மழை குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்தால், வயலை எவரும் வந்து பாராமலே, குடியானவருக்குப் பணம் கொடுக்கும் பயிர்க் காப்பீட்டு முறையே அது. இந்தியாவில் இம்முறை 2003 ஆம் ஆண்டில், அப்போது ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்திருந்த மகபூப்நகர் ஜில்லாவில், நிலக்கடலையும் ஆமணக்கும் பயிரிட்ட சிறு குடியானவர்களிடையே தொடங்கப்பெற்றது. 2016 இல் திருத்தியமைக்கப்பட்ட வானிலை சார்ந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டமும் இம்முறையைப் பின்பற்றியதே. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் அறுவடைச் சோதனையைக் கொண்டு நஷ்டத்தைக் கணக்கிடுவதாயினும், விதைக்க இயலாமற் போன பருவங்களில் அதற்கும் மழைக்கணக்கு சான்றாக வேண்டியிருக்கின்றது. ஊராட்சிதோறும் தானியங்கி மழைமானியும் வட்டாரந்தோறும் தானியங்கி வானிலை நிலையமும் அமைக்கும் நோக்கத்துடன் ‘விண்ட்ஸ்’ என்னும் திட்டத்தை மத்திய அரசாங்கம் 2023 ஜூலையில் தொடங்கியது.

ஓர் எண் பணமாக மாறுமிடத்தில் அவ்வெண்ணுக்குக் காவல் வேண்டும். நெல்லளக்கும் மரக்காலுக்குச் சர்க்கார் முத்திரை எதற்காக வேண்டியிருந்ததோ அதற்காகவே இதுவும் வேண்டியிருக்கின்றது. காவல் இல்லாவிடில் என்ன நிகழும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு தக்க சான்றாகும்.

கொலராடோவில் நிகழ்ந்தது

அமெரிக்க ஐக்கிய நாட்டில் கொலராடோ மாகாணத்தின் தென்கிழக்கு மூலை மழை குறைந்த புல்வெளிப் பிரதேசம். 1930 ஐ அடுத்த ஆண்டுகளில் கரும்புழுதிப் புயல்களால் மேல்மண் பறந்துபோய்க் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறிய சீமைகளில் அதுவும் ஒன்று. அங்கே மாடு வளர்ப்போர் தம் மேய்ச்சல் நிலத்தை மழைக்குறைவுக்கு எதிராகக் காப்பீடு செய்துகொள்ளலாம். இத்திட்டத்தில் தேசம் முழுவதும் ஏறத்தாழ 17 மைல் நீள அகலமுள்ள கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டிரண்டு மாதங்களுக்குரிய மழை, சுற்றியுள்ள மழைமானிகளின் கணக்கைக் கொண்டு மதிப்பிடப்படும். அது வழக்கமான அளவில், நிலச்சொந்தக்காரர் தெரிந்தெடுத்த விழுக்காட்டுக்குக் குறைந்தால் பணம் கிடைக்கும். அவருடைய சொந்த நிலத்தில் மழை பெய்ததா என்ற கேள்வி எழுவதில்லை. சந்தாவில் பாதிக்கு மேற்பட்ட பங்கைச் சர்க்காரே கட்டுகின்றது.

2016 ஜூலை முதல் 2017 ஜூன் வரையில் அப்பிரதேசத்திலும், அடுத்துள்ள கான்சாஸ் மாகாணத்தின் மேற்குப் பகுதியிலும், சர்க்கார் மழைமானிகள் பலவற்றுக்கு ஊறு நேர்ந்தது. சிலவற்றின் கம்பிகள் அறுக்கப்பட்டிருந்தன. சிலவற்றில் சிலிக்கோன் பசை நிரப்பப்பட்டிருந்தது. சிலவற்றின் நீர் தாங்கும் பாத்திரத்தில் துளையிடப்பட்டிருந்தது. சிலவற்றில் உள்ளேயுள்ள சிறு தொட்டி தன் அச்சிலிருந்து கழற்றப்பட்டிருந்தது. வேறு சிலவற்றின் வாயில் பலகாரம் சுடும் தகரத் தட்டும், கலப்பையின் வட்டத் தகடும் மூடிகளாக வைக்கப்பட்டிருந்தன. இவற்றைச் செய்ய எவ்விதப் பொறியியற் படிப்பும் வேண்டியதில்லை என்பது கவனிக்கத்தக்கது. விண்கோளும் கணிப்பொறியும் வைத்து மழையைக் கணக்கிடும் ஒரு பெரிய தேசத்தின் கணக்கு, அடுக்களைத் தட்டு ஒன்றினால் தவறிற்று.

பழுதுபார்க்க வந்த ஊழியர்கள் இவற்றைக் கண்டு அறிவித்தார்கள், விசாரணை நடந்தது. மாட்டுப்பண்ணை வைத்திருந்த இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஒருவருக்கு இரண்டு மாதமும் மற்றவருக்கு ஆறு மாதமும் சிறைவாசம் கிடைத்தது. குற்ற வழக்கில் திருப்பிக் கொடுக்க வேண்டியதாகவும், சிவில் வழக்கில் உடன்பட்டதாகவும் இருவரும் சேர்ந்து செலுத்த ஏற்றுக்கொண்ட தொகை ஏறத்தாழ 66 இலட்சம் டாலராகும். வழக்கு முடிவுக்கு வந்தது 2024 ஆம் ஆண்டில். களவு நடந்து முடிந்தபின் ஏழு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இவ்வழக்கில் நஷ்டமடைந்தது சர்க்கார் பொக்கிஷம் மட்டுமன்று. அம்மழைமானிகளின் கணக்கு வெள்ள எச்சரிக்கைக்கும் வானிலை அறிக்கைக்கும் பயன்படுவது. மேலும், உண்மையாகவே வறட்சி வரும் ஆண்டில் அப்பிரதேசத்தில் மழை பெய்யவில்லை என்று ஒரு கருவி கூறுமாயின், அதைக் கேட்போர் முதலில் ஐயுறுவர். நேர்மையான குடியானவர் தம் நஷ்டத்தை இருமுறை நிரூபிக்க வேண்டியவராகின்றார். அயலார் செய்த குற்றத்துக்கு அவர் கட்டும் வரி அதுவேயாம்.

பூஜ்யத்தின் இரண்டு பொருள்

தகரத் தட்டு ஏன் அவ்வளவு எளிதில் வென்றது என்பதை அறிய, தானியங்கி மழைமானியின் அமைப்பை அறியவேண்டும். வட்டமான வாயில் விழும் மழைநீர் புனல் வழியாக இறங்கி, தராசின் இரு தட்டுகளைப்போல் நடுவில் அச்சுக்கொண்ட இரட்டைத் தொட்டியில் ஒரு பக்கம் நிரம்புகின்றது. குறித்த அளவு நிரம்பியவுடன் அப்பக்கம் சாய்ந்து நீரைக் கொட்டிவிட, மறுபக்கம் புனலின் கீழ் வந்து நிற்கின்றது. ஒவ்வொரு சாய்விலும் தொட்டியோடு இணைந்த காந்தம் ஒரு சிறு மின்பொருத்தியைக் கடந்து செல்ல, ஒரு துடிப்பு உண்டாகின்றது. துடிப்புக்களை எண்ணினால் மழையளவு தெரியும். 1662 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் ரென் என்பவர் நினைத்த யுக்தி இதுவே; மின்சாரமும் வானொலியும் பின்னர் வந்து சேர்ந்தவை. வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டராகவும், ஒரு சாய்வு அரை மில்லிமீட்டராகவும் உள்ள கருவியில், ஒவ்வொரு சாய்வுக்கும் 10 மில்லிலிட்டர் நீர் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழையென்பது ஏக்கருக்கு ஏறக்குறைய 4,000 லிட்டர் என்பதை நினைத்தால், இச்சிறு தொட்டியின் இரண்டு சாய்வுகள் எத்துணைப் பொறுப்புடையவை என்பது விளங்கும்.

இவ்வமைப்பில் ஒரு குறை பிறவியிலேயே உள்ளது. மழை பெய்தால் துடிப்பு உண்டு. பெய்யாவிடில் துடிப்பு இல்லை. கம்பி அறுந்தாலும் துடிப்பு இல்லை. புனலில் குருவி கூடு கட்டினாலும், வேப்பிலைச் சருகு அடைத்துக்கொண்டாலும், குளவி மண் பூசினாலும் இல்லை. ஆகவே வானம் பொய்த்ததும் கருவி பொய்த்ததும் தலைமை நிலையத்தில் ஒரே எண்ணாக, அதாவது பூஜ்யமாக, வந்து விழுகின்றன. வெப்பமானி கெட்டால் நூற்றெண்பது என்றோ மைனஸ் நாற்பது என்றோ பொருந்தா எண் வந்து தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். மழைமானி கெட்டால் ஆண்டில் முந்நூறு நாளும் நம்பத்தக்க எண்ணையே அனுப்பும். காவலைப் பற்றிய பேச்சு முழுவதும் இங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

மாணவர் போட்டிகளால் ஆவது

பொறியியற் கல்லூரி மாணவர்களிடையே ‘ஹேக்கத்தான்’ என்னும் போட்டிகள் இப்போது பரவலாக நடைபெறுகின்றன. சர்க்கார் இலாகாக்களோ ஸ்தாபனங்களோ ஒரு சிக்கலைக் கொடுக்க, மாணவர் குழுவினர் கூடியிருந்து, குறித்த நேரத்துக்குள் தீர்வு ஒன்றைச் செய்து காட்டவேண்டும். இந்தியாவில் 2017 இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் மென்பொருட் பிரிவின் இறுதிச்சுற்று 36 மணிநேரம் இடைவிடாமல் நடப்பது வழக்கம். அமெரிக்காவில் மைட்டர் என்னும் ஸ்தாபனம் மாணவர்க்கென ஆண்டுதோறும் நடத்தும் போட்டி இவ்விஷயத்துக்கு இன்னும் நெருங்கியது. அதில் முதற்பருவத்தில் ஒவ்வொரு குழுவும் சிறிய மின்கருவி ஒன்றுக்குக் காவல் அமைக்கவேண்டும். இரண்டாம் பருவத்தில் பிற குழுக்கள் அமைத்த காவலை உடைத்துப் பார்க்கவேண்டும். 2023 இல் மோட்டார் காரின் சாவியும், 2024 இல் வைத்தியக் கருவியின் உறுப்புக்களும் அங்ஙனம் பொருளாகக் கொடுக்கப்பட்டன. பூட்டுச் செய்பவனையே திருடனாக ஒரு மாதம் இருக்கவைக்கும் இம்முறை வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் பூட்டின் குறை வேறெவ்வழியிலும் இத்துணை விரைவில் வெளிப்படுவதில்லை.

இத்தகைய மாணவர் கையில் மழைமானியைக் கொடுத்தால் முதலில் தீர்க்கத்தக்கது மேற்கூறிய பூஜ்யச் சிக்கலே. அதற்குரிய வழி திருட்டு எச்சரிக்கை மணிகளில் நெடுங்காலமாக வழங்கிவருவது. கம்பியின் கோடியில், மின்பொருத்தியின் அருகே, ரெஸிஸ்டர் என்னும் சிறு மின்தடை ஒன்றை வைத்து, எப்போதும் மெல்லிய மின்னோட்டம் செல்லுமாறு செய்யவேண்டும். பொருத்தி திறந்திருக்கும்போது ஓர் அளவும், மூடும்போது வேறோர் அளவும், கம்பி அறுந்தால் மூன்றாவதாக ஓட்டமே இல்லாத நிலையும் காணப்படும். அப்போது அறுந்த கம்பி பூஜ்யம் என்று சொல்லாமல் ‘அறுந்தேன்’ என்று சொல்லும். இதற்காகும் செலவு ஒரு டீயின் விலையை எட்டாது. பெட்டியின் மூடி திறந்தால் அறிவிக்கும் பொருத்தி, கருவி சாய்ந்தால் அறிவிக்கும் உறுப்பு ஆகியனவும் இவ்வாறு சேர்க்கத்தக்கவை. புனலின் வாய் மூடப்பட்டதை உணர்தல் இவற்றைவிடக் கடினமானது. ஒளியுணரும் உறுப்பொன்றைப் புனலின் உட்புறம் வைத்துப் பகலில் இருள் தோன்றினால் அறிவிக்கச் செய்யலாம். அதுவும் தூசு படிந்தால் கெடுமாதலால் துடைக்கும் ஆள் ஒருவர் வேண்டும்.

செய்தி செல்லும் வழியில் உள்ள ஆபத்து

கருவி அளந்த எண், கைபேசிக் கம்பங்களின் வழியாகவோ வானொலி அலைகளின் வழியாகவோ தலைமை நிலையத்தை அடைகின்றது. நடுவழியில் அதை மாற்றுவதற்கும், கருவியைப்போல் நடித்துப் பொய்ச் செய்தி அனுப்புவதற்கும் இடமுண்டு. 2000 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், மரூச்சி என்னும் பகுதியின் கழிவுநீர் நிலையங்களுக்கு இது நேர்ந்தது. அந்நிலையங்களின் வானொலிக் கருவிகளை அமைத்த கம்பெனியில் முன்பு வேலைபார்த்த ஒருவர், உள்ளூர் சபையில் வேலை கிடைக்காத மனக்குறையால், மோட்டார் வண்டியில் வானொலியும் கணிப்பொறியும் வைத்துக்கொண்டு, நிலையங்களுள் ஒன்று பேசுவதுபோலக் கட்டளைகள் அனுப்பினார். ஏறத்தாழ 8 இலட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. பேசுவது யார் என்று கேட்கும் வழக்கம் அந்த அமைப்புக்கு இல்லாமையே காரணம். 2001 இல் அவருக்கு இரண்டாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதற்குப் பரிகாரம் கணித முத்திரை. கருவூலப் பெட்டிக்கு அரக்கு முத்திரை வைப்பதன் நோக்கம், உள்ளிருப்பதை மறைப்பதன்று. இடையில் எவரும் திறக்கவில்லை என்பதைக் காட்டுவதே. மழையளவும் மறைக்கவேண்டிய இரகசியமன்று. மாறாமல் வந்ததா என்பதுதான் கேள்வி. ஆகவே ஒவ்வொரு கருவியிலும் ஒரு நீண்ட இரகசிய எண் பதிக்கப்படுகின்றது. அதன் பிரதி தலைமை நிலையத்தில் மட்டும் இருக்கும். கருவி தான் அனுப்பும் செய்தியையும் இரகசிய எண்ணையும் ஒருங்கே ஒரு கணித முறைக்கு உட்படுத்தி, கிடைக்கும் குறியைச் செய்தியின் கடையில் சேர்த்தனுப்பும். தலைமை நிலையம் தன்னிடமுள்ள பிரதியால் அதே கணக்கைச் செய்து ஒப்பிட்டுப் பார்க்கும். செய்தியில் 12 என்பது 2 என மாறியிருந்தால் குறி முழுவதும் வேறாகிவிடும். அரைத்த மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாததுபோல, குறியைப் பார்த்து இரகசிய எண்ணை மீட்க முடியாது.

சூரிய ஒளித் தகட்டையும் சிறு பாட்டரியையும் நம்பி வயலோரத்தில் நிற்கும் கருவிக்குப் பெரிய கணிப்பொறிகளுக்கென வகுத்த கணித முறைகள் பாரமாக இருக்கும். இதன் பொருட்டு அமெரிக்காவின் தேசியத் தர ஸ்தாபனம் இலேசான முறைகளுக்காக உலகளாவிய ஒரு போட்டியை நடத்தியது. 2019 இல் 57 முறைகள் வந்தன. பல நாட்டு அறிஞரும் ஒருவர் முறையை மற்றவர் உடைக்க முயன்று நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 2023 இல் ‘அஸ்கான்’ என்னும் முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆஸ்திரியா தேசத்துக் கிராட்ஸ் நகரத் தொழிற்பல்கலைக்கழகத்தாரும் பிறரும் வகுத்தது அது. 2025 இல் அதற்கு முறைப்படி தரநூலும் வெளியாயிற்று. முறை யாவர்க்கும் வெளிப்படையாகத் தெரிந்ததே. இரகசியமாக இருப்பது எண் ஒன்றுதான். பூட்டின் அமைப்பு கடைத்தெருவில் தெரிந்திருப்பதால் நஷ்டமில்லை; சாவி யாரிடம் என்பதே பொருள்.

முத்திரை மட்டும் போதாது. வறண்ட நாளொன்றின் உண்மையான செய்தியை ஒருவன் பிடித்துவைத்து, மழைநாளில் மறுபடியும் அனுப்பினால், முத்திரை சரியாகவே இருக்கும். ஆதலின் ரசீதுப் புத்தகத்தின் தாள்களைப்போல் செய்திகளுக்கு வரிசை எண்ணும், தேதியும், நேரமும் வேண்டும். 418 க்குப் பின் 419 வரவேண்டிய இடத்தில் 377 வந்தால் தலைமை நிலையம் அதைத் தள்ளிவிடும். 420 வந்து 419 வராவிடில், வராத செய்தியைப் பற்றி விசாரிக்கும். விற்பனையாளர் வைத்தனுப்பிய கடவுச்சொல்லை மாற்றாமல் விடும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 இல் ‘மிராய்’ என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட பட்டியல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, உலகெங்கும் இலட்சக்கணக்கான காமிராக்களையும் வீட்டு இணையப் பெட்டிகளையும் வசப்படுத்தியது. வயலோரக் கருவியும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

முத்திரைக்கு எட்டாதவை

இவ்வளவும் செய்தபின், தகரத் தட்டைப் பற்றி மறுபடியும் நினைக்கவேண்டும். தட்டால் மூடப்பட்ட மழைமானி பூஜ்யம் என்று அளந்து, அதற்குப் பிழையற்ற முத்திரையும் வைத்து, வரிசை எண்ணும் நேரமும் தவறாமல் அனுப்பும். கருவியிலிருந்து புறப்பட்ட எண்ணே வந்து சேர்ந்தது என்பதைத்தான் முத்திரை உறுதிசெய்யும். மழை கருவிக்குள் புகுந்ததா என்பதை அது அறியாது. கணிதக் காவலைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோர் இவ்விடத்தைச் சற்று விரைந்து கடந்துவிடுகின்றனர்.

சாவி உடையவரே தவறு செய்தாலும் முத்திரை உதவாது. சீன தேசத்துச் சியான் நகரில், காற்றின் மாசை அளக்கும் நிலையமொன்றில், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய உத்தியோகஸ்தர்களே காற்றை உறிஞ்சும் வாயில் பருத்தித் துணியைச் செருகி மாசைக் குறைத்துக் காட்டினர். நிலையத்தின் சாவிக்குக் கள்ளப் பிரதி செய்யப்பட்டிருந்தது. கடவுச்சொல்லும் அவர்கள் கையில் இருந்தது. 2016 இல் இது வெளிப்பட்டு, 2017 இல் எழுவர் ஓராண்டு மூன்று மாதம் முதல் ஓராண்டு பத்து மாதம் வரை சிறைத்தண்டனை பெற்றனர். அங்கே பணம் பெறும் குடியானவர் எவருமில்லை. நல்ல கணக்குக் காட்டவேண்டிய நெருக்கடியே போதுமானதாயிற்று.

இவ்விரண்டுக்கும் பரிகாரம் அயல் மழைமானிகள். மழை ஊருக்கு ஊர் வேறுபடும் என்பது உண்மையே. வெப்பச்சலன மழை ஏரியின் இக்கரையில் கொட்டி அக்கரையில் தூறாமலும் போகும். ஆயினும் ஒரு நாளில் வேறுபடுவது ஒரு பருவத்தில் பெரும்பாலும் நிரவிவிடும். ஒரு மழைமானியின் அளவுகளைத் தேதிவாரியாகக் கூட்டிக்கொண்டே போய், சுற்றிலுமுள்ள நாலைந்து மழைமானிகளின் சராசரிக் கூட்டுத்தொகைக்கு எதிராகக் கோட்டுப்படம் வரைந்தால், கோடு ஏறத்தாழ நேராகவே செல்லவேண்டும். ஓரிடத்தில் கோடு முறிந்து சாய்ந்தால், அத்தேதியில் அக்கருவிக்கு ஏதோ நேர்ந்திருக்கின்றது. மரம் வளர்ந்து மறைத்திருக்கலாம், இடம் மாற்றியிருக்கலாம், தட்டு வைத்திருக்கலாம். எது என்பதைக் கோடு சொல்லாது. எந்த நாளிலிருந்து என்பதைச் சொல்லும். கொலராடோவில் நடந்ததைப்போல் பல கருவிகளை ஒருங்கே கெடுத்தால் அயல் சாட்சியும் கெடும். ஆதலால் ராடார் அளவும் விண்கோள் அளவும் மேற்சாட்சிகளாக வேண்டும். அவை ஒரு வயலின் மழையைச் சரியாகச் சொல்ல வல்லவையல்ல. ஆயினும் ஒரு தாலுகா முழுவதும் மேகம் கவிந்து பெய்த நாளைப் பூஜ்யமெனப் பெரும்பாலும் சொல்லமாட்டா.

எதிர்ப்புறத்துப் பொய்யும் உண்டு. மேற்கூறிய 200 சதுர சென்டிமீட்டர் வாயுடைய கருவியில் ஒரு லிட்டர் நீரை ஊற்றினால் அது 50 மில்லிமீட்டர் மழையாகும். ஒரு செம்பு நீர் ஓர் ஊராட்சி முழுவதற்கும் கனமழையாகப் பதிவாகி, வாடிய பயிருக்கு வரவேண்டிய பணத்தைத் தடுக்கக்கூடும். விளையாட்டுப் பிள்ளைகள் செய்தாலும் பலன் ஒன்றே. ஆயின் இப்பொய்யைக் காண்பது எளிது. உலகில் ஒரு நிமிஷத்தில் பெய்ததாக ஒப்புக்கொள்ளப்பட்ட மிகப்பெரிய மழை, 1956 ஜூலை 4 ஆம் நாள் அமெரிக்காவின் மேரிலாந்து மாகாணத்து யூனியன்வில் என்னும் ஊரில் பெய்த 31.2 மில்லிமீட்டராகும். செம்பைக் கவிழ்ப்பவன் அறியாமலே உலகசாதனையை முறியடிக்க முயல்கின்றான். நாள்முடிவில் மொத்தத்தை மட்டும் அனுப்பாமல் ஒவ்வொரு சாய்வின் நேரத்தையும் அனுப்பும் கருவியில் இது உடனே தெரிந்துவிடும். புதிய கருவிகளை வாங்குவோர் இவ்வொரு வசதியைக் கேட்டுப் பெறுவது நலம்.

கிராமத்தில் செய்யத்தக்கவை

மழைமானி நிற்குமிடம் நாலுபேர் கண்ணில் படுவதாக இருக்கவேண்டும். ஒதுக்குப்புறமான புறம்போக்கைவிட, திறந்தவெளியுள்ள பள்ளி வளாகமோ ஊராட்சி அலுவலகத்து முற்றமோ மேலானது. ஆயினும் அருகிலுள்ள மரமும் கட்டடமும் தம் உயரத்தைப்போல் இருமடங்குக்குக் குறையாத தூரத்தில் இருத்தல் அவசியம். சுற்றிலும் கம்பி வேலியும் பூட்டும் வேண்டும். பூட்டின் சாவி இரண்டு. அவற்றை எவர், எந்நாள், எதற்காக வாங்கினார் என்பதற்கு ஒரு கையொப்பப் புத்தகம் வேண்டும். பருவம் தொடங்குமுன் அளந்த நீரை மெதுவாக ஊற்றிச் சாய்வுகளை எண்ணிப் பார்ப்பது நன்று. ஒரு லிட்டருக்கு நூறு வரவேண்டிய இடத்தில் எண்பது வந்தால் கருவி ஐந்தில் ஒரு பங்கு மழையை விழுங்குகின்றது. இச்சோதனை நடைபெறும் நாளை முன்கூட்டியே தலைமை நிலையத்துக்கு எழுதிவிடவேண்டும்; இல்லையேல் அந்நீரே மழையாகக் கணக்கேறும்.

தானியங்கி வந்துவிட்டதென்று, அளவுக் குவளையால் அளக்கும் பழைய மழைமானியை எடுத்துவிடுதல் கூடாது. இரண்டும் ஒரே வேலிக்குள் இருக்கலாம். பழையதில் காலை 8.30 மணிக்கு அளந்து, அதுவரையுள்ள 24 மணிநேரத்து மழையாக அத்தேதியில் எழுதுவது முறை. இந்தக் கையெழுத்துப் பதிவேடு கணிப்பொறியில் இல்லாத ஒரே சாட்சியாதலால், தூரத்திலிருந்து எவரும் அதை மாற்ற இயலாது. மிராசுதார்களும் தம் களத்திலோ மோட்டார்க் கொட்டகையருகிலோ சொந்தமாக ஒரு குவளை மழைமானி வைத்துக்கொண்டு எழுதிவரலாம். காப்பீட்டுக் கணக்கில் அது நேரே செல்லாதாயினும், தகராறு எழுமிடத்தில் அயல் சாட்சியாக நிற்கும்.

புனல் அடைபட்டிருப்பதையோ, பெட்டி திறந்திருப்பதையோ கண்டவர் தாமே சரிசெய்துவிட்டுப் போவது நல்லெண்ணமேயாயினும் கேடு பயக்கும். அடைத்தது சருகா தட்டா என்பது பின்னர் எவருக்கும் தெரியாமற் போகும். கைபேசியில் ஒரு படம் பிடித்து, நேரத்தைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ வேளாண்மை உதவி அலுவலரிடமோ தெரிவித்தபின், இருவர் முன்னிலையில் அகற்றுவதே முறை. அத்தேதிக்குரிய மழை பழைய மழைமானியின்படி எழுதப்படவேண்டும். அதுவும் இல்லாத இடத்தில், தானியங்கியின் கட்டத்தில் ‘0’ என்று எழுதாமல் ‘பதிவு இல்லை’ என்றே எழுதவேண்டும்.